மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் மூன்று ஆய்வுப் பணிகள்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

லாங்வுட்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இந்த மே மாதம் மேற்கு மாசசூசெட்ஸில் ஒரு சிறு கல்லூரியில் உயிர்வேதியியல் பட்டம் முடித்துவிட்டு, பாஸ்டன் லாங்வுட் மருத்துவ வளாகத்தில் ஓர் ஆய்வகத்தில் முழுநேரத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த ஜூன் மாதம் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, அதற்கடுத்த ஆண்டு ஆகஸ்டில் படிப்பில் சேர வேண்டும் என்பது திட்டம். சிறு வயதிலேயே பெற்றோருடன் இங்கு வந்துவிட்டேன்; கிரீன் கார்டு இருப்பதால் விசா தொடர்பான கவலை எனக்கு இல்லை.

என் கையில் இப்போது இரண்டு ஆய்வுப் பணிகள் இருக்கின்றன. மூன்றாவது ஒன்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது. முதலாவது, மேலே சொன்ன சம்பள வேலை. சிறுநீரகத்தில் தழும்புத் திசு எவ்வாறு உருவாகிறது என்பதை எலிகளில் ஆராயும் ஆய்வகம் அது. வாரம் 40 மணி நேரம். இரண்டு ஆண்டுகள் இருப்பேன் என்று பேராசிரியரிடம் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது, கல்லூரியில் நான் இறுதியாண்டு ஆய்வேடு எழுதிய ஆய்வகத்தின் வேலை. அங்கே ஈஸ்ட் செல்களில் திரட்டிய தரவுகளை ஆர் என்ற நிரல்மொழியில் பகுப்பாய்வு செய்வதை வாரம் 8 முதல் 10 மணி நேரம் வரை, பெரும்பாலும் இரவில், வீட்டிலிருந்தே தொடர்கிறேன். கட்டுரை வெளிவரும்போது என் பெயரும் அதில் இருக்கும் என்று பேராசிரியை கூறியிருக்கிறார். ஆனால் "இன்னும் ஒரே ஒரு சோதனை" என்று அந்தக் கட்டுரை பருவம் பருவமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாவது, ஒரு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில், தகுதியுள்ள நோயாளிகளைக் கண்டறிந்து, ஆய்வை விளக்கி, ஒப்புதல் பெற்று, அவர்களை ஒரு மருத்துவ ஆய்வில் சேர்க்கும் பணி. மாலை நேரங்களிலும் வார இறுதியிலுமாக 8 மணி நேரம், சம்பளம் கிடையாது.

இவற்றோடு மார்ச் மாதம் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுத வேண்டும். கல்லூரியில் இருந்தபோது ஒரு முதியோர் இல்லத்தில் சில மாதங்கள் தன்னார்வலராக இருந்ததைத் தவிர, நோயாளிகளோடு பழகிய அனுபவம் எனக்கு அதிகம் இல்லை. எம்.டி. (இந்நாட்டில் இதுவே அடிப்படை மருத்துவப் பட்டம்) மட்டுமா, முனைவர் பட்டமும் சேர்ந்த எம்.டி.-பிஎச்.டி. இரண்டுமா என்பதையும் நான் இன்னும் உறுதி செய்யவில்லை.

மூன்று ஆய்வகங்களின் பெயர்கள் விண்ணப்பத்தில் இருப்பது என்னை உயர்த்திக் காட்டுமா, அல்லது எதிலும் நிலையாக நிற்காதவர் என்ற எண்ணத்தைத் தருமா? ஒன்றை விட வேண்டுமானால் எதை விடுவது, அதை உறவு கெடாமல் எப்படிச் சொல்வது? இந்தப் பாதையில் நடந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

—

எலிக்கூடம் பதில்:

நான் உங்களைப் போன்ற தொழில்நுட்ப உதவியாளர்களை வேலைக்கு எடுத்துப் பயிற்றுவிக்கும் ஆய்வக மேலாளர். ஆகவே உங்கள் கேள்வியை விண்ணப்பத்தின் பக்கமிருந்து பார்க்காமல், உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவரின் பக்கமிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

எலிகளோடு செய்யும் வேலையில் வாரம் 40 மணி நேரம் என்பது காகிதத்தில் மட்டுமே உண்டு. சிறுநீரகத் தழும்பை ஆராயும் ஆய்வகம் என்றால், ஒரு பக்கச் சிறுநீர்க்குழாயைக் கட்டி, ஏழாம் நாளிலோ பதினான்காம் நாளிலோ சிறுநீரகத்தை எடுக்கும் முறையை நீங்கள் எப்படியும் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பதினான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தாலும், உங்களுக்கு வேறோர் இடத்தில் மாலைப் பணி இருந்தாலும், எலிக்கு அது தெரியாது. குட்டிகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். வாலின் நுனியை வெட்டி மரபணு வகையைப் பார்க்க வேண்டும். திசுவை எடுத்த அன்றே பதப்படுத்த வேண்டும். முதல் ஆறு மாதங்களில் பழகுகிறவருக்கு இந்த வேலைகள் அனுபவசாலிக்கு ஆவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடிக்கும். மூன்றாவது பணியை ஏற்பதா என்று இப்போதே முடிவெடுப்பது, முதல் பணியின் உண்மையான எடை தெரியாமலேயே கணக்குப் போடுவதாகும்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சம்பளத்துக்கு முழுநேரம் வேலை செய்யும் ஒருவர் வெளிப்பணி எதையாவது மேற்கொண்டால் அதை அறிவிக்க வேண்டும் என்ற விதி பெரும்பாலான கல்வி மருத்துவமனைகளில் இருக்கிறது. உங்கள் சம்பளம் கூட்டாட்சி அரசின் ஆய்வு நிதியிலிருந்து வந்தால், உங்கள் உழைப்பில் எத்தனை விழுக்காடு அந்தத் திட்டத்துக்குச் சென்றது என்று யாரோ ஒருவர் கையெழுத்திட்டுச் சான்றளித்துக்கொண்டிருப்பார். கல்லூரி வேலையை இரவில் உங்கள் சொந்தக் கணினியில் செய்வதில் தவறில்லை. ஆனால் பேராசிரியருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அதேபோல, அவசரச் சிகிச்சைப் பிரிவின் பணி உங்களுக்குச் சம்பளம் தரும் அதே நிறுவனத்திலேயே இருக்குமானால், சம்பளத்துக்குச் செய்யும் வேலையை ஒத்த வேலையைத் தன் பணியாளரிடமே இலவசமாக வாங்குவது கூட்டாட்சித் தொழிலாளர் சட்டப்படி சிக்கலுக்குரியது என்பதால், மனிதவளத் துறையைக் கேட்காமல் ஏற்க வேண்டாம். அங்கே நீங்கள் ஒரு நோயாளியின் பதிவைத் திறப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் ஆவணத்தில் ஆய்வுப் பணியாளராக உங்கள் பெயர் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும், மனிதர்கள் மீதான ஆய்வுக்குரிய பயிற்சிச் சான்றிதழை நீங்கள் முடித்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். "பிறகு பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கே தொடங்குங்கள்" என்று சொல்லும் குழுவாக இருந்தால் அந்த ஒரே காரணத்துக்காகவே விலகிவிடலாம்.

கடிதத்தைப் பற்றி. அடுத்த ஜூன் என்றால் உங்கள் பேராசிரியர் உங்களைப் பார்த்து ஓராண்டுதான் ஆகியிருக்கும். அந்த ஓராண்டில், ஏதேனும் ஒரு சிறு கேள்வியை முழுவதுமாக உங்களுடையதாகக் கேட்டு வாங்குங்கள். கட்டுரையில் ஒரு படமாக வரக்கூடிய அளவுக்கு இருந்தால் போதும். பத்துப் பேருடைய சோதனைகளுக்குக் கைகொடுத்தவரைப் பற்றி எங்களால் "நம்பகமானவர், கடின உழைப்பாளி" என்றுதான் எழுத முடிகிறது. ஒரு கேள்வியைச் சுமந்தவரைப் பற்றி எழுதும்போது, எந்த முடிவு எதிர்பார்த்தபடி வரவில்லை, அவர் அதை எப்படித் துருவினார் என்று எழுத முடிகிறது. உங்கள் பேராசிரியர் இளம் வயதினராக இருந்து கே08 போன்ற, இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்கான அரசு நிதியில் இருந்தால், தன் நேரத்தில் குறைந்தது 75 விழுக்காட்டை ஆய்வுக்கு ஒதுக்கும் கடப்பாடு அவருக்கு உண்டு. அத்தகையவர் உங்கள் மேசைக்கே வந்து நிற்பார், அவர் எழுதும் கடிதத்தில் விவரம் இருக்கும். பெரும் புகழ் பெற்றவரின் ஆய்வகமாக இருந்தால், நாள்தோறும் உங்களைப் பார்க்கும் முதுமுனைவர் ஆய்வாளர் வரைவை எழுத, பேராசிரியர் கையெழுத்திடும் வழக்கமும் உண்டு. யார் உங்களைப் பார்க்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே என் கருத்து: முதல் பணி, அதோடு ஒரு முடிவு நாள் குறிக்கப்பட்ட இரண்டாவது பணி. மூன்றாவது இப்போது வேண்டாம்.

—

எட்டாண்டுப்படிப்பு பதில்:

எம்.டி.-பிஎச்.டி. படிப்பில் ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். எலிக்கூடம் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன் என்றாலும், நீங்கள் கேட்ட வரிசையை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எத்தனை பணிகள் என்ற கேள்விக்கு, எம்.டி. மட்டுமா அல்லது இரண்டுமா என்ற கேள்விக்குப் பிறகுதான் விடை கிடைக்கும். இரண்டு பாதைகளிலும் உங்கள் ஆய்வை வாசிப்பவர்கள் வேறு, அவர்கள் தேடுவதும் வேறு.

எம்.டி. விண்ணப்பத்தில் ஆய்வு என்பது 15 செயல்பாட்டுப் பதிவுகளுள் ஒன்றிரண்டு. ஒவ்வொன்றுக்கும் இடைவெளி உட்பட 700 எழுத்துகள். மிக முக்கியமானவை என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள். எம்.டி.-பிஎச்.டி.க்கு இவற்றோடு மேலும் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். ஏன் இந்த இரட்டைப் பாதை என்பதற்கு 3,000 எழுத்துகள். குறிப்பிடத்தக்க ஆய்வு அனுபவங்களை விளக்க 10,000 எழுத்துகள். அந்தப் பத்தாயிரத்தில் ஆய்வகத்தின் பெயர், பேராசிரியரின் பெயர், காலம், கேள்வி, முறை, உங்கள் பங்கு, முடிவு ஆகிய அனைத்தும் வர வேண்டும். அங்கே ஓர் ஆய்வகத்தைக் குறிப்பிட்டுவிட்டால், அந்த ஆய்வகத் தலைவரிடமிருந்து கடிதம் வரும் என்று தேர்வுக் குழு எதிர்பார்க்கும். வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்ற கேள்வி எழும். ஆகவே ஒவ்வொரு கூடுதல் பணியும் ஒரு கூடுதல் கடிதத்தைக் கேட்கிறது. இரண்டு வலுவான கடிதங்களோடு வந்து சேரும் மூன்றாவது சாதாரணக் கடிதம், மற்ற இரண்டின் வலுவையும் குறைத்துவிடும்.

நேர்முகத் தேர்வுகளில் என்னிடம் எந்த ஆய்வகங்களில் இருந்தேன் என்பதை யாரும் நீட்டிக் கேட்கவில்லை. ஒரு சோதனையைப் பிடித்துக்கொண்டு, ஏன் அந்தக் கட்டுப்பாட்டுக் குழு, அது போதாது என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள், இந்த முடிவுக்கு வேறு விளக்கம் இருக்க முடியாதா என்று அரை மணி நேரம் கேட்டார்கள். உங்கள் ஈஸ்ட் வேலையின் பலம் இங்கேதான் இருக்கிறது. கேள்வியை எழுப்பியதிலிருந்து தரவைத் திரட்டிப் பகுப்பாய்ந்தது வரை முழுச் சுற்றையும் ஒருமுறை கடந்திருக்கிறீர்கள். லாங்வுட்டில் புதிதாகச் சேர்ந்த ஆய்வகத்தில் அடுத்த ஜூனுக்குள் அந்தச் சுற்று முடியாமல் போகலாம். ஆகவே கல்லூரி வேலையைப் பழைய கடன் என்று நினைத்து முதலில் வெட்டிவிடாதீர்கள்.

ஆனால் அந்தக் கட்டுரையை நம்பித் திட்டமிடாதீர்கள். வெளியானதும், ஏற்கப்பட்டு அச்சுக்குக் காத்திருப்பதும் மட்டுமே வெளியீடுகள் என்ற பதிவில் வர வேண்டும். "தயாரிப்பில் உள்ளது" என்பதை அங்கே போடுவது அனுபவமுள்ள வாசகரின் கண்ணில் உடனே உறுத்தும். அதை ஆய்வுப் பதிவின் 700 எழுத்துகளுக்குள் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பெயர் இடம்பெறும் என்று கூறப்பட்டதையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறிகளின்படி, ஆசிரியராக இடம்பெறுபவர் ஆய்வின் வடிவமைப்பிலோ தரவைத் திரட்டுவதிலோ பகுப்பாய்விலோ கணிசமாகப் பங்களித்திருக்க வேண்டும். கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். வேலை முழுவதற்கும் பொறுப்பேற்கவும் வேண்டும். பகுப்பாய்வு செய்து கொடுத்துவிட்டு விலகியவரின் பெயர் நன்றியுரைக்குப் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். முறைகள் பகுதியை நீங்களே எழுதித் தருவதாகக் கேட்டு வாங்குங்கள்.

இரட்டைப் பாதையைப் பற்றி ஒரு சொல். இது பொதுவாக எட்டு ஆண்டுகள். 1964இல் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியோடு மூன்று பல்கலைக்கழகங்களில் தொடங்கிய பயிற்சித் திட்டம் இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இருக்கிறது. கல்விக் கட்டணத்தைத் திட்டமே ஏற்கும், உதவித்தொகையும் கிடைக்கும். கட்டணம் இல்லை என்பதற்காக வருபவர்கள் நான்காம் ஆண்டில் மிகவும் வாடுகிறார்கள். ஆய்வில் ஆர்வம் உண்டு, ஆனால் முனைவர் பட்டம் வரை வேண்டுமா என்ற தயக்கமே உங்களுடையது என்றால், ஆய்வேட்டைக் கட்டாயமாக்கியிருக்கும் கிளீவ்லாண்ட் கிளினிக் லெர்னர் கல்லூரியின் ஐந்தாண்டு எம்.டி., ஆய்வுக்கென்றே மூன்றாம் ஆண்டை ஒதுக்கும் டியூக், உங்கள் ஊரிலேயே ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 1970 முதல் நடத்திவரும் எச்.எஸ்.டி. (சுகாதார அறிவியலும் தொழில்நுட்பமும்) திட்டம் ஆகியவற்றையும் பாருங்கள்.

—

இரவுப்பணி பதில்:

நான் பொது மருத்துவர். சில ஆண்டுகள் ஒரு மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைக் குழுவுக்காக விண்ணப்பங்களை வாசித்தும் நேர்முகம் கண்டும் இருக்கிறேன். மேலே எழுதிய இருவரும் ஆய்வகத்துக்குள்ளிருந்து பேசுகிறார்கள். நான் மூன்றாவது பணிக்காகக் கொஞ்சம் வாதாட வருகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆம்காஸில் ஒவ்வொரு பதிவுக்கும் தொடக்க நாள், முடிவு நாள், முடித்த மணி நேரம், இனி எதிர்பார்க்கும் மணி நேரம், அதை உறுதிசெய்யக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். நாங்கள் அவற்றைக் கூட்டிப் பார்ப்பதுண்டு. 40, 10, 8 என்று ஒரே மாதங்களில் வாரத்துக்கு 58 மணி நேரம் ஆய்வுக்கே போயிருக்க, அதே மாதங்களில் எம்கேட் தேர்வும் எழுதப்பட்டிருக்க, ஆய்வைத் தவிர வேறொன்றும் இல்லை என்றால், இவர் நோயாளிகளைத் தேடி ஏன் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். எம்.டி. விண்ணப்பத்தில் ஆய்வு மிகுதியாக இருந்து நோயாளித் தொடர்பு மெலிந்திருந்தால், இவருக்கு முனைவர் பட்டம் போதாதா என்று மேசையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவராவது கேட்டுவிடுவார். உங்கள் குறிப்பின்படி, உங்களிடம் குறைவாக இருப்பது ஆய்வு அன்று.

ஆகவே அவசரச் சிகிச்சைப் பிரிவின் பணியை மூன்றாவது ஆய்வாகப் பார்க்காதீர்கள். நெஞ்சுவலியோடு நடைவழிக் கட்டிலில் மூன்று மணி நேரமாகக் காத்திருக்கும் ஒருவரிடம் போய், உங்கள் சிகிச்சைக்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பில்லை, மறுத்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு குறையாது என்று அவருக்குப் புரியும்படி சொல்வதும், அவர் மறுத்தால் முகம் மாறாமல் நன்றி சொல்லி நகர்வதும், எந்த ஆய்வகமும் கற்றுத்தராதவை. என்னிடம் வந்த விண்ணப்பதாரர்களில் இந்தப் பணியைச் செய்தவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசியபோது, அந்தப் பேச்சில் மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் ஒன்றைக் கேட்டறிந்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்: பணி நேரத்தில் எவ்வளவு பகுதி நோயாளியின் அருகில், எவ்வளவு பகுதி கணினித் திரையில் பதிவுகளைச் சலிப்பதிலும் ரெட்கேப் என்ற ஆய்வுத் தரவு மென்பொருளின் படிவங்களை நிரப்புவதிலும்? பெரும்பகுதி திரையில்தான் என்றால், அந்த நேரத்தை இறுதிக்கால நோயாளிகளைப் பேணும் இல்லம் ஒன்றிலோ இலவச மருத்துவ மையம் ஒன்றிலோ செலவிடுவது மேல். வாரம் 8 மணி நேரம்கூட வேண்டாம். வாரம் ஒருமுறை 4 மணி நேரம், ஆனால் விண்ணப்பித்த பிறகும் விடாமல்.

இன்னொன்று. 2022 ஜனவரியிலிருந்து, மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதற்கட்டத் தேர்வில் மதிப்பெண் எடுத்துவிடப்பட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே அறிவிக்கப்படுகிறது. அதன்பின் மருத்துவ மாணவர்கள், பட்டத்துக்குப் பிந்தைய உயர்பயிற்சி (ரெசிடென்சி) இடங்களுக்காக, ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதில் இறங்கியிருக்கிறார்கள். அந்தப் பதற்றம் கீழிறங்கி, மருத்துவக் கல்லூரிக்கே இன்னும் விண்ணப்பிக்காத உங்களைப் போன்றவர்களையும் பற்றியிருக்கிறது. அது உங்கள் பந்தயம் அல்ல. அண்மை ஆண்டுகளில் எம்.டி. படிப்பில் சேர்ந்தவர்களின் எம்கேட் சராசரி 511, 512 அளவில் இருக்கிறது. நான்காவதாக ஓர் ஆய்வகம் கிடைத்தாலும் 503ஐ அது ஈடுசெய்யாது. மாணவர்களைப் பொதுநல மருத்துவத்துக்குத் தயார்செய்வதைத் தொடக்கத்திலிருந்தே நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்ட, வூஸ்டரில் உள்ள உங்கள் மாநிலக் கல்லூரிக்கு நீங்கள் கட்டாயம் விண்ணப்பிப்பீர்கள். அங்கே வாசிப்பவருக்கு எலியின் சிறுநீரகத்தைவிட அந்த முதியோர் இல்லத்தைப் பற்றி அறிய அதிக ஆவல் இருக்கலாம்.

—

லாங்வுட்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. இரவுப்பணி ஐயா சொன்னபடி அந்த ஒருங்கிணைப்பாளரிடம் இன்று கேட்டேன். பணி நேரத்தில் பாதிக்கு மேல் பதிவுகளைச் சலிப்பதுதான் என்று நேர்மையாகவே சொன்னார். அத்துடன் பயிற்சிக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு, வாரம் இரண்டு பணி நேரம் கட்டாயமாம். மருத்துவமனை வேறு நிறுவனத்தைச் சேர்ந்தது என்பதால் சம்பளச் சிக்கல் இல்லை. ஆனாலும் அதை ஏற்காமல், வாரம் ஒருமுறை இறுதிக்காலப் பராமரிப்பில் தன்னார்வலராகச் சேர விண்ணப்பிக்கலாம் என்ற முடிவை நோக்கி நகர்ந்திருக்கிறேன். எம்.டி.-பிஎச்.டி.யைப் பற்றி எட்டாண்டுப்படிப்பு எழுதியதை வாசித்தபோது, எனக்கு ஆய்வு வேண்டும், ஆனால் சொந்த ஆய்வகம் வேண்டும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை என்பது தெளிவானது. எம்.டி. மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மிச்சமிருக்கும் சிக்கல் கல்லூரி வேலைதான். முடிவு நாளைக் குறிப்பது என்றால், எனக்கு முதன்முதலில் ஆய்வைக் கற்றுத்தந்த பேராசிரியையிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது? என் முதல் கடிதமும் அவரிடமிருந்துதான் வர வேண்டும்.

—

கடல்கடந்தவன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மதுரையிலிருந்து வந்து எஃப்-1 விசாவில் மாணவனாகப் பட்டம் முடித்து, பட்டத்துக்குப் பின் வேலை செய்ய அனுமதிக்கும் ஓ.பி.டி.யில் ஓர் ஆய்வகத்தில் வாரம் 15 மணி நேரம் மட்டும் வேலை பெற்றிருக்கிறேன். இன்னோர் ஆய்வகத்தில் தன்னார்வமாக 10 மணி நேரம் செய்தால் அதுவும் ஓ.பி.டி. கேட்கும் குறைந்தபட்ச வேலை நேரக் கணக்கில் வருமா? என்னைப் போன்றவர்கள் எம்.டி.க்கு விண்ணப்பிப்பதில் பொருள் உண்டா?

—

எட்டாண்டுப்படிப்பு:

கடல்கடந்தவனுக்கு: முதல் 12 மாத ஓ.பி.டி.யில், படித்த துறைக்குத் தொடர்புள்ள பணிகளின் நேரத்தைக் கூட்டி வாரம் குறைந்தது 20 மணி நேரம் வந்தால் போதும். தொழிலாளர் சட்டத்தை மீறாத தன்னார்வப் பணியும் அதில் அடங்கும். எனவே உங்கள் 15ஐயும் 10ஐயும் சேர்க்கலாம். இரண்டு இடங்களையும் பன்னாட்டு மாணவர்களுக்கான அரசின் செவிப் இணையதளத்தில் பதிவுசெய்து, இரண்டிடமிருந்தும் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலையின்றி இருக்கக்கூடிய நாட்கள் மொத்தம் 90 என்பது நினைவிருக்கட்டும். ஆனால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டதாரிகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பான அடுத்த 24 மாதங்களில் விதி மாறிவிடுகிறது: ஒவ்வொரு பணியிடமும் தனித்தனியாக வாரம் 20 மணி நேரமாவது தர வேண்டும், சம்பளம் தர வேண்டும், பணியாளரின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசின் ஈ-வெரிஃபையில் பதிந்திருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். தன்னார்வப் பணியை வைத்து அங்கே காலம் தள்ள முடியாது. எதையும் முடிவு செய்யும் முன் உங்கள் கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

விண்ணப்பிப்பதில் பொருள் உண்டு, ஆனால் கதவுகள் குறைவு. பன்னாட்டு மாணவர்களை ஏற்கும் எம்.டி. கல்லூரிகள் சிறுபான்மை; ஏற்பவற்றிலும் சில, பல ஆண்டுகளுக்கான கட்டணத்தை முன்கூட்டியே வைப்பில் காட்டச் சொல்லும். நான் சொன்ன தேசிய சுகாதார நிறுவனத்தின் பயிற்சி நிதி குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களுக்கு மட்டுமே என்பதால், எம்.டி.-பிஎச்.டி.யில் தன் சொந்த நிதியால் உங்களை ஏற்கக்கூடிய சில பல்கலைக்கழகங்களையே தேட வேண்டும். இதற்குத் தனியாக ஒரு கேள்வி தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.

—

எலிக்கூடம்:

லாங்வுட்வாசிக்கு: எந்த முகத்தோடும் சொல்ல வேண்டியதில்லை, ஒரு பட்டியலோடு போங்கள். "என்னால் இனி முடியாது" என்று தொடங்கினால் அது விலகல். "எம்கேட்டுக்குப் படிக்கத் தொடங்கும் முன், டிசம்பர் இறுதிக்குள், இரண்டாம் படத்துக்கும் மூன்றாம் படத்துக்குமான பகுப்பாய்வை முடித்து, அடுத்து வருபவர் இயக்கும்படி நிரலில் விளக்கக் குறிப்புகளைச் சேர்த்து, முறைகள் பகுதியின் வரைவையும் எழுதித் தந்துவிடுகிறேன்; ஜனவரிக்குப் பிறகு கட்டுரையைத் திருத்தும்போது வாசித்துக் கருத்துச் சொல்வேன், புதிய சோதனைகளின் தரவை மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள இயலாது" என்று எழுதினால், அது ஒப்படைப்பு. மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் ஒருமுறை பேசிவிடுங்கள். சிறு கல்லூரிப் பேராசிரியர்களுக்கு மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள் என்பது தெரியும். நிரலை யாரும் படிக்க முடியாத நிலையில் விட்டுப் போகிறவர்கள்தான் அவர்களை வருத்துகிறார்கள். பரிந்துரைக் கடிதத்தையும் அந்த உரையாடலிலேயே கேளுங்கள். வேலை நினைவில் புதிதாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னால், ஜூன் மாதம் அவரைத் துரத்த வேண்டியிருக்காது.

இங்கே உங்கள் பேராசிரியரிடமும் மார்ச் தேர்வைப் பற்றி இப்போதே சொல்லிவிடுங்கள். எந்தக் கூட்டத்து எலிகளுக்கு எப்போது அறுவை என்பதை எங்களைப் போன்ற ஆய்வகங்களில் ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்பே குறித்துவிடுவோம். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பதினான்காம் நாள் எதுவும் வந்து விழாதபடி, ஜனவரி முதல் வாரத்திலேயே நாட்காட்டியில் அந்த இடத்தை அடைத்து வைக்கச் சொல்லுங்கள். பிப்ரவரி இறுதியில் போய்க் கேட்டால், எலிகளுக்கு ஏற்கெனவே அறுவை முடிந்திருக்கும்.